காட்டுப் பாதைக்கு ஏற்ற மோட்டார் சைக்கிள்

(நம் சங்கத்தின் ஆண்டு விழாவில், ரயில்வே இன்ஸ்டிட்யூட் மண்டபத்தில் ஆற்றிய உரை)



இம்மேடையில் ஆண்டுதோறும் குறளைப் பற்றியும் கம்பனைப் பற்றியும் அறிஞர்கள் பேசக் கேட்டு மகிழ்ந்திருக்கிறோம். இவ்வாண்டு நிகழ்ச்சி நிரலில் மோட்டார் சைக்கிளைப் பற்றி ஒரு பேச்சு என்று அச்சாகியிருப்பதைக் கண்டு பெரியவர்கள் சிலர் புன்னகை செய்ததையும் கண்டோம். அந்தப் புன்னகையில் நியாயம் உண்டு. ஆயினும் இப்பேச்சை வேண்டிப் பெற்றவர் நம் காலனித் தாய்மார்களுள் ஒருவரே. அவருடைய மகன் சென்ற ஆண்டு வேலையில் அமர்ந்தான்; முதற்சம்பளம் வந்த நாளிலிருந்து காட்டிலும் மேட்டிலும் ஓடும் எண்டூரோ வண்டி ஒன்று வேண்டுமெனக் கேட்டு வருகிறான். அந்த அம்மையார் ஒருநாள் மாலை எங்களை வழியில் நிறுத்தி, “அண்ணா, எனக்கு சி.சி.யும் தெரியாது, குதிரைச் சக்தியும் தெரியாது. எந்த வண்டி வாங்கினால் பிள்ளை முழுதாக வீடு திரும்புவான்? அதை மட்டும் சொல்லுங்கள்” என்று கேட்டார். அன்று எங்களால் விடை கூற இயலவில்லை. அதற்குக் காரணமும் உண்டு, பின்னர்ச் சொல்கிறோம்.

நாங்கள் என்றால் நால்வர். ஒருவர் லோகோ பைலட். ஒருவர் சிக்னல் பகுதியைச் சேர்ந்தவர். ஒருவர் பள்ளி ஆசிரியர். நால்வர்க்குமாக இங்கே பேச நிறுத்தப்பட்டவர் பில் பகுதிக் குமாஸ்தா. பத்தாம் வகுப்புக்கு மேல் படிக்காதவரின் பேச்சாதலால் சொற்குற்றம் இருப்பின் பொறுத்தருள வேண்டுகிறோம். எட்டு ஆண்டுகளாக விடுமுறை நாட்களில் சக்கரதர்பூரிலிருந்து புறப்பட்டு, சோனுவா, கோயில்கேரா, மனோகர்பூர்ப் பக்கமும், தேபோ மலைவழியில் பந்த்காவ்ன் பக்கமும், சாரண்டாக் காட்டின் ஓரமாகக் கிரிபுரு வரையிலும் சென்று வந்திருக்கிறோம். காட்டுக்குள் நுழையும் முன் வனத்துறையினரிடமும் காவல் முகாமிலும் கேட்டறிந்தே செல்வோம். மாலை நான்கு மணிக்குமேல் காட்டில் தங்குவதில்லை.

‘எண்டூரோ’ என்னும் சொல்லைப் பற்றிச் சிறிது கூறிவிடுவோம். தாங்கும் ஆற்றல், நீடித்து உழைத்தல் என்னும் பொருளுடைய ஆங்கிலச் சொல்லின் வழிவந்தது அது. 1913-ஆம் ஆண்டு இங்கிலாந்தின் கார்லைல் நகரில் ஆறு நாட்கள் தொடர்ந்து வண்டியோட்டும் பன்னாட்டுச் சோதனை ஒன்று தொடங்கப்பெற்றது. வேகத்தைக் காட்டிலும், குறித்த நேரத்தில் குறித்த இடத்தை வண்டியும் ஆளும் பழுதின்றி வந்தடைவதே அதன் நோக்கம். 1981 முதல் அப்போட்டியின் பெயரிலேயே ‘எண்டூரோ’ என்ற சொல் சேர்ந்தது. வளைந்து வளைந்து செல்லும் மண்திடலுக்குள்ளேயே சுற்றும் மோட்டோகிராஸ் வண்டிக்கு விளக்கு வேண்டுவதில்லை. எண்டூரோ வண்டியோ பொதுச் சாலையிலும் இடையிடையே செல்ல வேண்டியிருப்பதால் அதற்கு விளக்கு உண்டு. காலம் தவறாமல் ஒவ்வொரு நிலையத்தையும் தொட்டுச் செல்லும் பாசஞ்சர் வண்டிக்கு இதை ஒப்பிட்டால் இக்கூட்டத்திற்கு எளிதில் விளங்கும்.

அந்தப் போட்டிக்கென்றே செய்யப்படும் அசல் எண்டூரோ வண்டி நமக்கு ஆகாது. அது நூறு கிலோவை ஒட்டிய எடையுடையது. இருக்கை இடுப்புயரத்தில் இருக்கும். எண்ணெய் மாற்றுவதைக் கூட ஓடிய கிலோமீட்டரால் கணக்கிடாமல் ஓடிய மணிக்கணக்கால் கணக்கிடுவார்கள். நம் நாட்டில் அத்தகையவற்றுட் பல, சாலையில் ஓட்டப் பதிவு செய்ய இயலாதவை. ஆகவே நாம் பேசுவது, அலுவலகத்திற்கும் போய், காட்டுக்கும் போய்வரக்கூடிய இருமுக வண்டிகளைப் பற்றியே.

இனி, எங்களால் ஏன் அன்று விடை கூற இயலவில்லை என்பதைச் சொல்கிறோம். இவ்வரங்கில் மூன்றாம் வரிசையில் அமர்ந்திருக்கும் நண்பர் ஒருவர் அனுமதி அளித்ததனாலேயே இதைச் சொல்லத் துணிந்தோம். 2022-ஆம் ஆண்டு எங்களோடு ஐந்தாமவராகச் சேர விரும்பி, எந்த வண்டி வாங்கலாம் என்று எங்களிடம் கேட்டார். நாங்கள் அவரைப் பார்க்கவில்லை. விளம்பரத் தாளைப் பார்த்தோம். குதிரைச் சக்தி எவ்வளவு, டாங்கி எவ்வளவு கொள்ளும், மலையேறும் படங்கள் எவ்வளவு அழகு என்றெல்லாம் ஆராய்ந்து, இருநூறு கிலோவை எட்டும் ஒரு வண்டியை வாங்கும்படி ஒருமனதாகக் கூறினோம். நண்பர் ஐந்தடி மூன்றங்குலம். அறுபது கிலோ எடை இருப்பாரோ என்னவோ. அதற்குமுன் அவர் ஓட்டியதெல்லாம் நூறு சி.சி. வண்டி ஒன்றுதான். கூட்டுறவுச் சங்கத்தில் பாதி, வங்கியில் பாதி எனக் கடன் எழுதி வண்டி வந்தது. மாலையிட்டுப் படமும் எடுத்துக்கொண்டோம்.

ஆகஸ்டு மாதத்தில் கோயில்கேராவைத் தாண்டி ஓர் ஓடையைக் கடந்தோம். நீர் முழங்காலளவுகூட இல்லை. மறுகரை ஏற்றம், சிவந்த மண், நடுவே உருண்டைக் கற்கள். பாதி ஏற்றத்தில் வண்டி நின்றது. நின்றதும் நண்பர் வலக்காலை ஊன்றினார். அவ்விடத்தில் தரை இல்லை. கால் வைத்த பக்கம் ஒரு சாண் பள்ளமாக இருந்தது. வண்டி அவர்மேல் சாய்ந்தது. கணுக்கால் கல்லுக்கும் வண்டிக்கும் இடையே அகப்பட்டது. பின்னால் வந்த இருவர் வழுக்கும் மண்ணில் நின்றுகொண்டு அவ்வண்டியைத் தூக்க முயன்று முயன்று தோற்றோம். முன்னே சென்றவர்கள் சந்தேகப்பட்டுத் திரும்பி வர ஏறத்தாழக் கால்மணி நேரம் ஆயிற்று. அக்கால்மணி நேரம் அவர் அலறவில்லை. “வீட்டில் சொல்லிவிடாதீர்கள்” என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னார்.

கணுக்கால் எலும்பு இரண்டிடத்தில் முறிந்திருந்தது. அறுவை முடிந்து, சேர்த்து வைத்திருந்த சம்பள விடுப்பு தீர்ந்து, அரைச் சம்பள விடுப்பு தொடங்கிற்று. அந்த அரைச் சம்பளப் பட்டியலை எழுதியது எங்கள் மேசை. தவணையோ அரையாகக் குறையவில்லை. அவர் மனைவியின் வளையல்கள் அடகுக்குப் போன செய்தி எங்களுக்கு மூன்று மாதம் கழித்தே தெரிய வந்தது. வண்டியை நட்டத்திற்கு விற்றார்கள். வண்டியில் குறை ஏதும் இல்லை. இன்றும் அதை வாங்கியவர் நன்றாகவே ஓட்டி வருகிறார். அவர் ஆறடி உயரம். குறை முழுவதும் தேர்ந்தெடுத்ததில், அதாவது எங்களிடத்தில்.

அதன் பின்னரே நாங்கள் வண்டியைப் பற்றிப் பாடம் படிக்கத் தொடங்கினோம்.

முதலிற் பார்க்க வேண்டியது வழி. ‘ஆப் ரோடு’ என்று ஒரே சொல்லால் கூறிவிடுகிறார்கள். நம் பகுதியிலேயே அதற்கு எத்தனை முகங்கள்! கோடையில் கிரிபுருப் பக்கம் இரும்புக் கனிமத் தூள் மாவுபோல் சக்கரம் புதையக் கிடக்கும். அதே தூள் மழைக்காலத்தில் சவர்க்காரம் பூசிய பலகை போலாகிவிடும். லாரித் தடத்தின் இருபுறமும் பள்ளம், நடுவில் வரப்பு. தேபோப் பக்கம் தார்ச்சாலை நன்று, கிளைவழிகளில் கூர்ங்கற்கள். சஞ்சய் ஆற்றின் ஓரம் மணல். நம் இளைஞருள் ஒருவர் மாதம் ஒருமுறை அருவி பார்க்கத் தார்ச்சாலையில் நூறு கிலோமீட்டர் சென்று, கடைசி மூன்று கிலோமீட்டர் மண்பாதையில் போவாரானால், அவருக்கு எண்டூரோ வண்டி தேவையே இல்லை. ஹோ மக்கள் அக்காட்டு வழியிலேயே பிறந்து வளர்ந்தவர்கள். அவர்கள் வாரச் சந்தைக்கு இரண்டு மூட்டை, ஒரு ஆடு, மனைவி, குழந்தை ஆகிய யாவற்றையும் ஏற்றிச் செல்வது நூறு சி.சி. வண்டியிலேதான். எங்கள் ஆசிரியர் நண்பரும் அத்தகைய வண்டியில் கட்டைப் பற்களுள்ள டயர் மாட்டிக்கொண்டே எங்களோடு வருகிறார். 112 கிலோ எடை. இருக்கை 785 மி.மீ. உயரம். விழுந்தால் ஒரு கையால் தூக்குகிறார். வேகமாகச் செல்ல இயலாது, குண்டு குழிகளில் முதுகு வலிக்கும். ஆயினும் எங்களுக்கு முன்பாக வீடு சேர்ந்தவர் பல தடவை அவரே.

வழி இன்னதென்று தெரிந்தபின், எடையும் உயரமும். இவ்விரண்டையும் விரிவாகச் சொல்ல வேண்டும். எண்டூரோவின் மற்றக் குணங்களெல்லாம் இவற்றின் பின்னரே. சக்தி மிகுந்த வண்டி நேர்ச்சாலையில் தன் எடையைத் தானே மறைத்துக்கொள்ளும். மணிக்கு பத்துக் கிலோமீட்டர் வேகத்தில், கல்லின்மேல், சரிவில், அந்த எடையைத் தாங்க வேண்டியது ஓட்டுபவரின் முழங்கால். தேநீர் வேளையில் ஒருமுறை, அதிகாலை ஒருமுறை, களைத்து வரும்போது பத்துமுறை என்று அதனை நிமிர்த்த வேண்டியிருக்கும்.

எண்களைச் சொல்லிவிடுகிறோம். ஹீரோ நிறுவனத்தின் எக்ஸ்பல்ஸ் 200 வண்டி 2019-இல் வந்தது. நான்கு வால்வுடைய வடிவம் 2021-இல். சுமார் 158 கிலோ. இருக்கை ஏறத்தாழ 825 மி.மீ. எங்கள் மேசைக்குரிய வண்டி அவ்வகையே. அதைவிடச் சற்று எடைகூடி, நீரால் குளிரும் எஞ்சினோடு எக்ஸ்பல்ஸ் 210 என்பது 2025-இல் வெளிவந்தது. ராயல் என்பீல்டின் பழைய ஹிமாலயன் 2016 முதல் 2023 வரை விற்பனையில் இருந்தது, 411 சி.சி.; இருக்கை 800 மி.மீ. மட்டுமே, ஆனால் எடை 199 கிலோ. அதன் இடத்திற்கு 2023 நவம்பரில் வந்த புதிய ஹிமாலயன் 452 சி.சி., 40 குதிரைச் சக்தி, 196 கிலோ. இருக்கையை 825-இலிருந்து 845 மி.மீ. வரை மாற்றலாம். சுசுகியின் வி-ஸ்ட்ரோம் எஸ்எக்ஸ் 2022-இல் வந்தது; 167 கிலோ, 835 மி.மீ. கே.டி.எம். 390 எண்டூரோ ஆர் 2025-இல் வந்தது. 46 குதிரைச் சக்தி. எரிபொருள் இல்லாமல் 159 கிலோ. இருக்கை 860 மி.மீ. கவாசாகி கேஎல்எக்ஸ் 230 நம் நாட்டில் 2024 டிசம்பரில் வெளியாயிற்று, 139 கிலோதான், ஆனால் இருக்கை 880 மி.மீ.

இவற்றைக் கேட்கும்போதே ஒன்று விளங்கும். எடை குறைந்த வண்டி உயரமாக இருக்கிறது. தாழ்ந்த வண்டி கனமாக இருக்கிறது. இரண்டும் ஒருங்கே அமைந்தது கிடைப்பது அரிது. இவ்விடத்தில் எங்கள் முடிவைச் சொல்கிறோம், மறுப்பவர்கள் மறுக்கலாம். குட்டையானவர்க்கு, உயரமான கனத்த வண்டி அறவே கூடாது. உயரமான இலகு வண்டியைப் பழக்கத்தால் வசப்படுத்தலாம். இருக்கையின் விளிம்பிற்கு நகர்ந்து ஒரு காலை மட்டும் ஊன்றக் கற்றுக்கொள்ளலாம். முதல் வண்டியாக 160 கிலோவுக்கு மேற்பட்டதைக் காட்டு வழிக்கு எடுப்பது வீண் துணிச்சல். எக்ஸ்பல்ஸுக்கும் புதிய ஹிமாலயனுக்கும் 38 கிலோ வேறுபாடு. அரிசி மூட்டை ஒன்றை மடியில் வைத்துக்கொண்டு ஓடையைக் கடப்பதும் அதுவும் ஒன்றுதான்.

தமிழ்நாட்டில் செய்யப்பட்ட வண்டி என்ற பாசத்தால் வாங்குவோரும் நம்மில் உண்டு. 1956 முதல் திருவொற்றியூரில் என்பீல்டு வண்டிகள் உருவாகி வந்ததை நினைக்கையில் எங்களுக்கும் நெஞ்சு நிமிரத்தான் செய்கிறது. ஒசூரின் டி.வி.எஸ். நிறுவனம் பிரெஞ்சு நாட்டு ஷெர்கோவுடன் கூடி டக்கார் நெடும்போட்டியில் இறங்கியதும், அவ்வணியின் கேரள வீரர் ஹரித் நோவா 2024-இல் ராலி 2 பிரிவில் முதலிடம் பெற்றதும் நமக்குப் பெருமையே. எனினும் பெருமையின் மேல் குதிகால் ஊன்ற முடியாது.

அடுத்து, சக்கரமும் ஸ்பிரிங்கும். முன்சக்கரம் பெரிதாக இருந்தால் கல்லின்மேல் மோதாமல் ஏறி உருண்டுவிடும். அதனாலேதான் எண்டூரோ வண்டிக்கு முன்பக்கம் 21 அங்குலமும், பின்பக்கம் 18 அல்லது 17 அங்குலமும் வைக்கிறார்கள். 19 அங்குல முன்சக்கரம் தார்ச்சாலைக்கும் லேசான மண்பாதைக்கும் நடுத்தரமானது. எங்கள் சிக்னல் பகுதி நண்பரின் வி-ஸ்ட்ரோம் அத்தகையது. அவர் கூர்ங்கல் வழியில் எங்களைவிட்டுப் பின்தங்குவார், நெடுஞ்சாலையில் எங்களைக் காத்திருக்கச் சொல்லாமல் போய்விடுவார். ஸ்பிரிங் எவ்வளவு தூரம் அமுங்கி எழும் என்பதையும் பார்க்க வேண்டும். நகர வண்டியில் முன்பக்கம் பெரும்பாலும் 120, 130 மி.மீ. அளவே. எக்ஸ்பல்ஸில் முன்னே 190, பின்னே 170. புதிய ஹிமாலயனில் இருபக்கமும் 200. சரக்கு வாகனின் போகியையும் பயணி கோச்சின் போகியையும் பார்த்துப் பழகிய நமக்கு இதன் அருமை தெரியும். ஆனால், அமுங்கும் தூரம் கூடக் கூட இருக்கையும் உயரும் என்பதை மறக்கலாகாது. எக்ஸ்பல்ஸுக்கே அதனினும் நீண்ட ஸ்பிரிங் பூட்டிய வடிவம் உண்டு. அதில் முன்பக்கம் 250 மி.மீ.; இருக்கையோ 890-ஐத் தொட்டுவிடுகிறது. மேலே பறந்து குதிப்பவர்க்கு அது. மனோகர்பூர் போய் மீன் வாங்கிவருபவர்க்கு அன்று.

எஞ்சினைப் பற்றி இளைஞர்கள் மணிக்கணக்கில் பேசுவார்கள். நாங்கள் சுருக்கமாகச் சொல்லி முடிக்கிறோம். நம் காடுகளுக்கு 20 குதிரைச் சக்தி போதும், 25 தாராளம். அதனினும் முக்கியமானது கியர் விகிதம். இவ்வரங்கில் லோகோ ஷெட்டைச் சேர்ந்தோர் பலர் இருப்பதால் ஓர் உவமை கூறுவோம். டபிள்யூ.ஏ.ஜி.-9 சரக்கு எஞ்சினும் டபிள்யூ.ஏ.பி.-7 பயணி எஞ்சினும் உடன்பிறப்புகள். பெரிதும் வேறுபடுவது பல்சக்கர விகிதமே. அந்த வேறுபாட்டால் ஒன்று மணிக்கு 100 கிலோமீட்டரோடு நின்று சரக்கை இழுக்கிறது. மற்றொன்று 140 வரை ஓடுகிறது. மோட்டார் சைக்கிளிலும் அப்படியே. செயின் ஓடும் முன் பல்சக்கரத்தில் ஒரு பல்லைக் குறைத்தால், முதல் கியரில் வண்டி மாட்டுவண்டிபோல் நிதானமாக ஏற்றம் ஏறும். கிளட்சைத் தேய்க்க வேண்டியதில்லை. நெடுஞ்சாலையில் மட்டும் எஞ்சின் சற்று அதிகம் இரையும். அன்று ஓடைக்கரையில் நண்பரின் வண்டி நின்றதற்கும் இதுவே ஒரு காரணம் என்று இப்போது நினைக்கிறோம். ஏற்றத்திற்கு அவர் முதல் கியர் வேகமே அதிகமாகிப்போய், கிளட்சைப் பிடித்து விட்டுத் தடுமாறி, எஞ்சின் அணைந்தது.

பிரேக்கில் பூட்டாமல் காக்கும் ஏ.பி.எஸ். அமைப்பு தார்ச்சாலையில் உயிர்காப்பது. ஆனால் உருண்டைக் கல் நிறைந்த இறக்கத்தில் அது பின்சக்கரத்தை விட்டுவிட்டுப் பிடிக்கையில் வண்டி நிற்காமல் நழுவிக்கொண்டே போகும். ஆகவே காட்டு வழிக்கு வாங்குவோர், பின்சக்கர ஏ.பி.எஸ்.ஸை அணைக்க வசதி உண்டா என்று கேட்டு வாங்குக. தார்ச்சாலை ஏறியதும் மறவாமல் மீண்டும் இடுக.

டாங்கியையும் கணக்கிட வேண்டும். ஹிமாலயன் 17 லிட்டர், எக்ஸ்பல்ஸ் 13, கே.டி.எம். எண்டூரோ 9, கவாசாகி 7.6. லிட்டருக்கு முப்பது கிலோமீட்டர் என்று வைத்தாலும் கடைசியானது 230-ஐத் தாண்டாது. காட்டு வழியில் அந்த முப்பதும் கிடைக்காது. பெட்ரோல் நிலையத்தை எண்ணிப் பார்த்துப் புறப்படுவதா, பாட்டிலில் பெட்ரோல் சுமப்பதா என்பது அவரவர் துணிவு, நாங்கள் சுமப்பதில்லை.

இனி, வீட்டுக்காரர்கள் கேட்க வேண்டிய கேள்விகள். பின்னிருக்கையில் யார் அமர்வார்? உயரமான எண்டூரோ வண்டியில் சேலை கட்டியவர் ஏறுவது மாடிப்படி ஏறுவதற்கு ஒப்பாகும். எங்கள் வீடுகளில் இதனால் நடந்த உரையாடல்களை மேடையில் வெளியிட இயலாது. சேலைத் தடுப்பும் கைப்பிடியும் வைத்தே வண்டியை வாங்க வேண்டும். அழகு கெடுகிறதென்று பிள்ளைகள் அவற்றைக் கழற்றினால் பெற்றோர்கள் விடக்கூடாது. பழுது பார்க்கும் இடம் எங்கே? சாய்பாசாவில் எல்லா நிறுவனமும் இல்லை. டாட்டா நகர் 60 கிலோமீட்டர். கிளட்ச் லீவர் ஒன்றுக்காக இரண்டு வாரம் காத்திருந்த அனுபவம் எங்களுக்கு உண்டு. அதனால் லீவர் இரண்டும், டியூபு ஒன்றும், சிறு பம்பும் எப்போதும் பையில் இருக்கும். வரி விவரமும் கேட்டறிக: 2025 செப்டம்பர் 22 முதல் 350 சி.சி. வரையுள்ள வண்டிக்கு 18 சதவீதம், அதற்கு மேற்பட்டதற்கு 40 சதவீதம். கடன் வாங்கும் குடும்பத்திற்கு இந்த இடைவெளி சிறிதன்று.

வண்டி விலையைக் கேட்டு வருவோரிடம் நாங்கள் இப்போது முதலில் கேட்பது, தலைக்கவசம், முழங்கால் கவசம், கணுக்காலை மூடும் கெட்டிக் காலணி, கையுறை இவற்றிற்குப் பணம் ஒதுக்கியாயிற்றா என்பதே. நண்பர் அன்று அணிந்திருந்தது கான்வாஸ் செருப்பு. கெட்டிக் காலணி அணிந்திருந்தால் எலும்பு முறிந்திராது என்று உறுதியாகக் கூற மாட்டோம். காயம் சிறியதாயிருக்கும் என்றே மருத்துவரும் கருதினார். டக்கார் போட்டியை 2015-இல் முடித்த முதல் இந்தியர் பெங்களூரின் சி. எஸ். சந்தோஷ். அவரே 2021 சனவரியில் சவூதி அரேபியப் பாலையில் விழுந்து தலையில் அடிபட்டு, மருத்துவர்கள் அவரைச் செயற்கை மயக்கத்தில் வைத்துக் காப்பாற்ற வேண்டியிருந்தது. எல்லாக் கவசமும் பூண்ட தேர்ந்த வீரர்க்கே அப்படி. தலைக்கவசத்தைக் கைப்பிடியில் தொங்கவிட்டுக்கொண்டு காலனி வாசலைத் தாண்டும் பிள்ளைகளை நாங்கள் தினமும் காண்கிறோம், பெயர் சொல்லவில்லை.

வாங்குமுன் கடையில் ஐந்து நிமிடம் உட்கார்ந்து பார்ப்பது போதாது. இருக்கையில் அமர்ந்து, அணியப்போகும் காலணியோடு, குறைந்தது ஒரு பக்கத்துக் குதிகாலாவது தரையில் படுகிறதா என்று பார்க்க வேண்டும். பிறகு மிதியில் எழுந்து நின்று, முதுகு வளையாமல் கைப்பிடி எட்டுகிறதா என்று பார்க்க வேண்டும். காட்டு வழியில் பாதி நேரம் நின்றுகொண்டேதான் ஓட்ட நேரும். அதன்பின், அதே வகை வண்டி வைத்திருக்கும் நண்பரைக் கெஞ்சியாவது, புல்தரையில் அதைச் சாய்த்துத் தனியாளாகத் தூக்கிப் பார்க்க வேண்டும். அதற்கு ஒரு முறை உண்டு. எஞ்சினை அணைத்து, கியரில் போட்டு, கைப்பிடியைத் தரைப்பக்கம் முழுதும் திருப்பி, வண்டிக்கு முதுகைக் காட்டி, இடுப்பை இருக்கையில் பொருத்தி, ஒரு கை கைப்பிடியிலும் மறு கை பின்புறச் சட்டத்திலுமாகப் பிடித்து, முதுகால் அன்றித் தொடையால் தள்ளிக்கொண்டே பின்னோக்கிச் சிற்றடி வைத்து நடக்க வேண்டும். இரண்டு முறை தூக்கி மூன்றாம் முறை மூச்சு வாங்கினால் அவ்வண்டி தமக்குரியதன்று என்று விட்டுவிடலாம். 2022-இல் இதை நாங்கள் நண்பரைச் செய்யச் சொல்லவில்லை.

வரும் ஞாயிறு காலை 6 மணிக்கு இன்ஸ்டிட்யூட்டின் பின்புறத் திடலில் எங்கள் நான்கு வண்டிகளையும் கொண்டுவந்து நிறுத்துகிறோம். 785 மி.மீ. முதல் 835 மி.மீ. வரை நான்கு உயரங்களும், 112 முதல் 199 கிலோ வரை நான்கு எடைகளும் அங்கே இருக்கும். வாங்க எண்ணியுள்ள இளைஞர்கள் வந்து அமர்ந்தும், நின்றும், சாய்த்துத் தூக்கியும் பார்க்கலாம். கீறல் விழுந்தால் எங்கள் பொறுப்பு. தூக்கும் முறையைக் கற்பிக்க, மூன்றாம் வரிசையில் இருக்கும் நண்பரே இசைந்திருக்கிறார். அவர் இப்போது பழைய எக்ஸ்பல்ஸ் ஒன்றை வாங்கித் தயார் செய்துகொண்டிருக்கிறார் என்பதையும், இம்முறை எங்களைக் கேட்காமலே வாங்கினார் என்பதையும் தெரிவித்துக்கொள்கிறோம். எங்களை வழியில் நிறுத்திக் கேட்ட அம்மையாரும் அவசியம் வரவேண்டும். மகனின் குதிகால் தரையில் படுகிறதா என்பதை அவரே குனிந்து பார்த்துக்கொள்ளலாம். தேநீருக்குச் செயலாளர் அவர்கள் பொறுப்பேற்றிருக்கிறார்கள்.